நீள்படமும் சதுர உறையும்

இசைத்தட்டு வட்டமானது, ஆகவே அதைத் தாங்கும் உறை சதுரமாயிற்று. ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடங்களே ஒலித்த பழைய தட்டுகள் சிலவற்றைப் புகைப்பட ஆல்பம்போல ஒரே கட்டாகக் கட்டி விற்றனர். ஆல்பம் என்னும் பெயர் அதனால் வந்ததே. அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940 வாக்கில் அவ்வுறைகளுக்குச் சித்திரம் தீட்டலானார். 1948-ல் பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டு வந்தபின் உறைப்படம் தனிக்கலையாகவே வளர்ந்தது. இன்று பெரும்பாலோர் கைப்பேசியிலேயே பாட்டுக் கேட்கின்றனர். தட்டு மறைந்தும் சதுரம் மறையவில்லை.

புகைப்படமோ பெரும்பாலும் சதுரமன்று. 35 மி.மீ. படச்சுருளில் ஒரு படத்தின் அளவு 36-க்கு 24 மி.மீ.; இன்றைய காமிராக்கள் பலவும் அதே விகிதத்தைப் பின்பற்றுகின்றன. 1929-ல் வந்த ரோலிஃப்ளெக்ஸ் போன்றவை சதுரப் படமே எடுத்தன. அவற்றை வைத்திருந்தோருக்கு இத்தொல்லை இல்லை.

ஒரு கச்சேரிப் படத்தை எடுத்துக்கொள்வோம். நடுவே பாடகி, ஒருபுறம் வயலின், மறுபுறம் மிருதங்கம். படம் 6000-க்கு 4000 பிக்சல். உறைக்கு வேண்டுவது 3000-க்கு 3000. விகிதத்தைப் பூட்டி வைக்காமல் கணிப்பொறியில் அளவை மாற்றினால் பக்கவாட்டில் மட்டும் படம் அதிகமாக நசுங்கும். பாடகியின் முகம் ஒடுங்கி நீளும். மிருதங்கத்தின் வட்டமான வலந்தலை முட்டை வடிவாகும். இதைச் செய்யவே கூடாது.

வெட்டலாமே எனில், 4000-க்கு 4000 போக மூன்றில் ஒரு பங்கு கழிகிறது. நடுவை வைத்து வெட்டினால் இருபுறமும் ஆயிரம் ஆயிரம் போகும். பாடிய ஒவ்வோர் அடியையும் நிழல்போலத் தொடர்ந்த வயலின்காரர் உறையில் ஒரு முழங்கையாக மட்டும் எஞ்சுவார். ஒருபுறம் ஒதுக்கி வெட்டினால் ஒருவர் அடியோடு இல்லாமற் போவார். தனி ஒருவர் படமாயின் வெட்டுவதே நலம். அப்போதும் வீணையின் யாளிமுகம் துண்டாகாமல் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, விகிதம் மாறாமல் படத்தை 3000-க்கு 2000 ஆகச் சுருக்கி, எஞ்சும் ஆயிரத்தைப் படத்திலுள்ள திரைச்சீலையின் நிறத்தால் நிரப்புவது. அவ்விடம் முழுவதையும் கீழே விட்டு மூவர் பெயரையும் அங்கே பொறிக்கலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இம்மூன்றும் பழகிய செயல்களே: மூலத்தை நசுக்குவாரும் உளர், வெட்டுவாரும் உளர், இட்டு நிரப்புவாரும் உளர். மொழிபெயர்ப்பில் நிரப்புவதை நான் ஏற்பதில்லை, படத்தில் ஏற்கிறேன். கைப்பேசியில் முகங்கள் கடுகளவாய்த் தெரியும் என்பர். தெரியட்டுமே! பக்கவாத்தியக்காரர் இல்லாத கச்சேரியைக் காட்டுவதிலும் அது மேல்.

சிறிய படத்தைப் பெரிதாக்கி ஏமாறுவாரும் பலர். 1500-க்கு 1000 உள்ள படத்தில் வெட்டிய சதுரம் 1000-க்கு 1000 தான். அதை 3000 ஆக்கினால் ஒரு புள்ளி ஒன்பதாகும். காமிரா காணாத எட்டையும் கணிப்பொறி ஊகித்தே இடும். எப்படிச் செய்யினும் மூலப் படத்தைத் தொடாமல், நகலிலேயே கை வைக்க வேண்டும்.

உறைக்கென்றே எடுக்கும் படமாயின் மூவரையும் சற்று நெருக்கி அமர்த்தி, தலைக்கு மேலும் முன்தரையிலும் தாராளமாக இடம் விட்டு எடுக்கச் சொல்லலாம். வில் முழுதும் நீளும்போது அதன் நுனி சதுரத்துக்குள் அடங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.