ஓட்டுக்கேற்ற இடமும் வேண்டும், ஊருக்கு ஓர் ஆளும் வேண்டும்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம் கூட்டமைப்புக்குப் புதிய செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்துவிட்டது. யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம். எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் இன்றைக்குக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

ஒரு கணக்குப் போடுவோம். ராஜபாளையம் பக்கம் 60 குழு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் 30 குழு என்று வைத்துக்கொள்வோம். செயற்குழுவில் 9 இடம். ஒவ்வொரு குழுவும் சீட்டில் 9 பெயர் எழுதலாம் என்றால் என்ன ஆகும்? 60 குழுவும் ஒன்றாக நின்றால் 9 இடமும் அவர்களுக்குத்தான். 30 குழுவுக்கு ஓர் இடம்கூடக் கிடையாது. அவர்களும் சந்தா கட்டுகிறார்கள், கடனை ஒழுங்காகத் திருப்புகிறார்கள். ஆனால் அடுத்த கடனை யாருக்குக் கொடுப்பது என்று பேசும்போது அவர்கள் சார்பில் வாய் திறக்க ஆள் இருக்காது. இது நியாயமா?

எவ்வளவு ஓட்டோ அவ்வளவு இடம் என்பதுதான் விகிதாச்சார முறை. அதன்படி பிரித்தால் இங்கே 6 இடம், அங்கே 3 இடம். இது நமக்குப் புதுசு இல்லை. மாநிலங்களவைக்கு நம் 234 எம்.எல்.ஏ.க்களும் இந்த முறையில்தான் ஓட்டுப் போடுகிறார்கள். 6 இடத்துக்குத் தேர்தல் நடந்தால், 34 ஓட்டு கிடைத்தவருக்கு ஓர் இடம் உறுதி. அதனால்தான் ஆளும் கட்சியே எல்லா இடத்தையும் அள்ளிக்கொள்ள முடிவதில்லை.

அப்படியென்றால் வார்டே வேண்டாமா? அதுவும் சரியில்லை. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளில் கவுன்சிலரே இல்லை. ராஜபாளையத்தில் 42 வார்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் 33 வார்டு. குழாயில் தண்ணீர் வரலை, தெருவிளக்கு எரியலை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஆனால் அவர் நம் ஓட்டில் வந்தவர் இல்லையே! கிராமங்களிலும் 2019 டிசம்பரில் நாம் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், தனி அலுவலர்கள்தான் பொறுப்பேற்றார்கள்.

இலங்கையிலும் இதே சிக்கல் வந்தது. அங்கே 1991 முதல் உள்ளாட்சித் தேர்தலை விகிதாச்சார முறையில் நடத்தினார்கள். கட்சிகளுக்கு இடம் சரியாகப் பிரிந்தது. ஆனால் ‘இவர் எங்க வட்டார உறுப்பினர்’ என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது. அதனால் 2018 பிப்ரவரித் தேர்தலில் இரண்டையும் கலந்தார்கள். 60 விழுக்காடு வட்டார உறுப்பினர்கள், 40 விழுக்காடு கட்சிப் பட்டியல். பெண்களுக்கு 25 விழுக்காடு என்றும் சட்டம் வைத்தார்கள். அதற்கு முன்பு அங்கே நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குத்தான் பெண்கள் இருந்தார்கள். அந்த ஒரு தேர்தலில் ஏறத்தாழ 2,000 பெண்கள் உள்ளே வந்தார்கள். பெரும்பாலோர் பட்டியல் வழியாக வந்தவர்கள்.

நம் கூட்டமைப்பிலும் இரண்டையும் சேர்க்க முடியும் சகோதரிகளே! முதலில் குழுக்களின் எண்ணிக்கைப்படி பகுதிவாரியாக இடங்களைப் பிரிப்போம். அந்த இடங்களுக்கான ஆட்களை அந்தந்தப் பகுதிக் குழுக்களே தேர்ந்தெடுக்கட்டும். வருகிறவர் தன் பகுதிக் குழுக் கூட்டங்களுக்குப் போய்க் குறைகளைக் கேட்டு வந்து செயற்குழுவில் சொல்ல வேண்டும்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அழுவதற்கும் கூட்டத்தில் ஓர் இடம் வேண்டும் இல்லையா? இதை உங்கள் குழுவில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்போம்.