மதிப்புரையும் மெய்ப்பும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் நூல் மதிப்புரை எழுதுவது குறித்துச் சில சொற்கள் கூறுமாறு பணித்திருக்கிறார்கள். திறனாய்வுக் கோட்பாடுகளை விரித்துரைக்க வல்லவர்கள் இந்த அவையில் பலர் உள்ளனர். நான் கூற விழைவது அவற்றினும் எளிய ஒன்று. ஒரு கவிதை நூல் கைக்கு வந்த நாள் முதல் அதைப் பற்றிய மதிப்புரை அச்சுக்குச் செல்லும் நாள் வரை நான் கைக்கொள்ளும் பழக்கங்கள் சிலவற்றை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

இவற்றை ஏன் ஓர் அவையில் பேச வேண்டும் என்று சிலர் எண்ணலாம். முதல் தொகுப்பை வெளியிடும் கவிஞருக்கு ஒரே ஒரு மதிப்புரை கிடைப்பதே அரிது. நூலை வாங்காத வாசகர் அக்கவிஞரை அறிவது, அந்த மதிப்புரையில் எடுத்துக்காட்டப்பெறும் நான்கைந்து அடிகளின் வாயிலாகத்தான். அவ்வடிகள் பிழைபட அச்சாகுமாயின் வாசகர் நெஞ்சில் பதிவது கவிஞரின் கவிதை அன்று, நமது கவனக்குறைவே. கவிஞர் ஒவ்வொரு வாசகரையும் தேடிச் சென்று திருத்திச் சொல்ல இயலுமா?

மற்றொரு காரணமும் உண்டு. நம்முடையது சிறிய வட்டம். மதிப்புரை எழுதுபவரும் அதற்கு உரிய நூலை எழுதியவரும் மாதந்தோறும் ஒரே கூடத்தில் அமர்பவர்கள். இத்தகைய சூழலில் மதிப்புரை என்பது கல்யாண வீட்டு மொய்யாகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. அவர் எனக்கு எழுதினார், நான் அவருக்கு எழுதுகிறேன் என்ற கணக்கு, மொய் நோட்டுக்குப் பொருந்தும், கவிதைக்குப் பொருந்தாது. நட்பையும் கெடுக்காமல் உண்மையையும் மறைக்காமல் எழுதுவது எப்படி? நடுநிலை என்பதை மனத்தின் பண்பு என்றே நாம் கருதுகிறோம். அது பெரிதும் கையின் பழக்கத்தால் காக்கப்படுவது என்பதே நான் கண்டது.

முதலில் படிக்கும் முறை. நம் கவிதை நூல்கள் வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை என்று பல வாயில்களைத் தாண்டித்தான் கவிதைக்குள் செல்கின்றன. அவற்றை நான் முதலில் படிப்பதில்லை. அணிந்துரையைப் படித்துவிட்டால் அணிந்துரைக்காரரின் கண்ணாடியை நாமும் அணிந்துகொள்கிறோம். அவர் சிறப்பென்று சுட்டிய கவிதையே நமக்கும் சிறப்பாகத் தோன்றும். ஆகவே கவிதைகளை முடித்து, என் கருத்தைக் குறித்து வைத்த பின்னரே முன் பக்கங்களுக்குத் திரும்புகிறேன்.

முதல் வாசிப்பில் கையில் பென்சில் வைத்துக்கொள்வதில்லை. இரண்டாம் வாசிப்பில்தான் குறிப்பெடுக்கிறேன். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்க எண் உண்டு. கவிஞரின் சொல்லை எழுதினால் மேற்கோள் குறிக்குள் எழுதுவேன். என் சொல்லை எழுதினால் குறியின்றி எழுதுவேன். இது சிறு செயல்தான். ஆனால் பத்து நாள் கழித்துக் குறிப்பேட்டைப் புரட்டும்போது எது அவருடையது, எது நம்முடையது என்ற ஐயம் எழாதிருக்க வேறு வழியில்லை. மூன்றாம் வாசிப்பு வாய்விட்டுப் படிப்பது. கண்ணுக்கு நன்றாயிருந்த அடி காதுக்கு இடறுவதும், கண் கடந்து சென்ற அடி காதில் நிற்பதும் அப்போதுதான் தெரியும்.

அடுத்து, முதல் வரைவு. 1959ஆம் ஆண்டு 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, படைப்பைப் பகுத்து ஆராயும் அலசல் முறையை வற்புறுத்தினார். க. நா. சுப்ரமண்யமோ தேர்ந்த வாசகரின் ரசனையை முதன்மையாகக் கொண்டார். இவ்விரு வழிகளில் எது சிறந்தது என்ற வழக்கை இங்கே நான் தொடப்போவதில்லை. எவ்வழியில் சென்றாலும் வாசகருக்குச் சான்று காட்டும் கடமை நமக்கு உண்டு. ஆதலால் வரைவை முடித்ததும் அதிலுள்ள பெயரடைகளை எல்லாம் அடிக்கோடிடுகிறேன். 'ஆழமான', 'அருமையான', 'தட்டையான', 'செயற்கையான' ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்து, உன் பக்க எண் என்ன என்று கேட்கிறேன். பக்க எண் காட்ட இயலாத பெயரடை நீங்கிவிடும். பாராட்டுக்கும் குறைக்கும் இந்த விதி ஒன்றே. இதனால் பல மதிப்புரைகள் பாதியாகச் சுருங்கின. அவை அதனால் வலிமை இழக்கவில்லை.

பின்னர் வரைவை ஒரு வாரமேனும் மூடி வைக்கிறேன். மீண்டும் எடுக்கும்போது குறை கூறும் பத்திகளைத் தனியே படிக்கிறேன். கவிஞர் எதிர் இருக்கையில் அமர்ந்திருக்கிறார் என்று கொண்டு, இதே சொற்களை இதே தொனியில் அவரிடம் சொல்வேனா என்று பார்க்கிறேன். சொல்லமாட்டேன் எனில் காரணம் இரண்டில் ஒன்று. கருத்து தவறாக இருக்கலாம். அல்லது கருத்து சரியாயிருந்து சொல் கடுமையாக இருக்கலாம். முன்னதாயின் கருத்தை நீக்கவேண்டும். பின்னதாயின் சொல்லை மட்டும் மாற்றவேண்டும். சொல் கடுமையாயிற்று என்பதற்காகக் கருத்தையே விழுங்கிவிடுவதுதான் நாம் மொய் எழுதத் தொடங்கும் இடம்.

இனி மெய்ப்பு. எல்லாப் பிழைகளையும் ஒரே ஓட்டத்தில் பிடித்துவிட முயல்வது ஒரே கையால் நான்கு மீன்களைப் பிடிப்பது போன்றது. நான் நான்கு முறை பார்க்கிறேன். முதல் முறை பெயர்கள் மட்டும்: நூலின் பெயர், ஆசிரியர் பெயர், அவருடைய தலைப்பெழுத்து, பதிப்பகம், ஆண்டு, விலை. இரண்டாம் முறை மேற்கோள்கள் மட்டும். மூன்றாம் முறை என் உரைநடையின் சந்தி, எழுவாய், பயனிலை. நான்காம் முறை கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படிப்பது. பொருளின் ஓட்டம் அறுந்துவிடுவதால் கண் சொற்களில் தங்குகிறது.

இவற்றுள் மேற்கோளைப் பார்ப்பதற்குத் துணை ஒருவர் வேண்டும். பழைய அச்சகங்களில் ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்த்து வருவார். அதனினும் நல்ல முறையை நான் அறியேன். படிப்பவர் நூலைத்தான் கையில் வைத்திருக்க வேண்டும். நம் குறிப்பேட்டை அன்று.

நம் மொழியில் இதற்குத் தனிக் கவனம் தேவை. 'ஒளி' 'ஒலி'யானால் கவிதையின் விளக்கு அணைந்துவிடும். 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை; 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. ஓர் ஒற்று இவ்வளவு செய்கிறது. மரபுச் செய்யுளாயின் இன்னும் நுட்பம். 'ஓஒதல்' என்னும் அளபெடையில் உள்ள குற்றெழுத்தை மிகையென்று நீக்கினால், கூவிளமாக இருந்த சீர் தேமாவாகிவிடும். விளமுன் நேர் வரவேண்டும், மாமுன் நிரை வரவேண்டும் என்பது வெண்பாவின் விதி. அடுத்த சீர் நேரில் தொடங்கினால் ஓர் எழுத்தை நீக்கியதில் தளையே கெட்டுப்போகும். புதுக்கவிதையிலோ வரி முறிவுதான் யாப்பு. பத்தியின் அகலம் போதவில்லை என்று வரிகளை மடக்கிவிட்டால் கவிஞர் விட்ட மௌனம் மறைந்துவிடும். இடம் இல்லையெனில் குறைந்த வரிகளைக் காட்டுவோம். காட்டும் வரிகளை அவர் முறித்த இடத்திலேயே முறிப்போம்.

கணினி வந்தபின் பிழைகள் குறைந்தன என்று சொல்வதற்கில்லை. அவை வேடம் மாறின. 'ஔவை' என்பதன் முதலெழுத்தை 'ஒ', 'ள' என இரண்டாகத் தட்டிவிடுகிறோம். அச்சில் கண்ணுக்குத் தெரியாது. தேடும்போது ஔவை அகப்படமாட்டார். பழைய எழுத்துருவில் தட்டியதை ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறுவதும் மறைவதும் உண்டு. ஆகவே மாற்றிய பிறகு மேற்கோள்களை மறுபடி ஒப்புநோக்குவது இன்றியமையாதது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, ளை முதலியன பழைய வடிவில் இருக்கும். அவற்றிலிருந்து படியெடுக்கும் இளையோர் நிதானித்து எடுக்கவேண்டும்.

நூலிலேயே பிழை இருப்பின் என் செய்வது? உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்பிட்ட அவர், பாட வேறுபாடுகளை மறைக்காமல் வாசகருக்குக் காட்டியவர். அவ்வளவு புலமை உடையவரே மூலத்தின் முன் அவ்வளவு அடக்கம் காட்டியிருக்க, ஒரு மாலைப் பொழுதில் மதிப்புரை எழுதும் நாம் கவிஞரின் அடியைச் சொல்லாமல் திருத்துவது தகுமா? உள்ளவாறே எடுத்துக்காட்டி, அச்சுப்பிழையாகலாம் என்று அருகில் குறிப்பதே முறை. பிழை என்று நாம் எண்ணியது கவிஞரின் வட்டார வழக்காகவும் இருக்கக்கூடும்.

கவிஞர்களே, நம்மிடம் குறை கேட்க உங்களுக்கு மனம் வருவது எப்போது? உங்கள் கவிதையை ஒருவர் எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறார் என்று நீங்கள் அறியும்போதுதான். மேற்கோளைச் சரியாகக் காட்டியவர் கூறும் கடுஞ்சொல்லையும் நீங்கள் பொறுப்பீர்கள். நூலின் பெயரையே தவறாக எழுதியவர் பொழியும் புகழ்மாலை உங்களை மகிழ்விக்காது. இவ்வட்டம் அடுத்த பத்தாண்டுகளில் ஒருவருக்கொருவர் உண்மை பேசும் வட்டமாக இருக்கவேண்டுமெனில், அதற்குரிய துணிவை இந்தச் சிறு பழக்கங்களே நமக்குத் தரும் என்று நம்புகிறேன்.