அளவு கற்ற கை நம் கையாக இருக்கட்டும்

நிலத்தைப் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். நிலத்தை அளக்கிறவர்களைப் பற்றிப் பேசியது குறைவு. சர்வேயர் என்ன படிக்கிறார், என்ன பரீட்சை எழுதுகிறார், வேலைக்கு வந்தபின் மறுபடி படிக்க வேண்டுமா என்பதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய சர்வே சங்கிலியின் நீளம் 66 அடி. நீளம் 10 சங்கிலி, அகலம் 10 சங்கிலி உள்ள நிலம் சரியாக 10 ஏக்கர். வளையங்கள் தேய்ந்து, இழுபட்டு, சங்கிலி ஒரே ஒரு அடி நீண்டு 67 அடியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சங்கிலியால் அளந்து 10 ஏக்கர் என்று எழுதினால், தரையில் இருப்பது 10 ஏக்கர் 30 சென்ட்! கணக்கில் வராத அந்த 30 சென்ட், பத்துக் குடும்பங்களுக்குத் தலைக்கு மூன்று சென்ட் வீட்டுமனை. சங்கிலி குறுகியிருந்தாலோ, பட்டா வாங்குகிற ஏழைக்கு நிலம் குறையும். மில் தொழிலாளிக்கு இது எளிதில் விளங்கும். துணியை அளக்கிற கோல் நீண்டிருந்தால் பீஸ் ரேட்டில் யார் கூலி போகிறது?

ஆகவேதான் அளக்குமுன் கருவியைச் சோதிப்பது சர்வேயருக்கு முதல் பாடம். அந்தப் பாடத்தைக் கற்றார் என்பதற்குச் சான்று வேண்டும்.

1794ல் கம்பெனி ஆட்சி சென்னையில் நில அளவைப் பள்ளியைத் திறந்தது. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியாயிற்று. அன்று நிலத்தை அளக்கக் கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. இன்று அந்தத் தொழிலின் வாசல் நம் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்கும் விஞ்ஞானமும் படித்துத் தேறியவர், ஆணானாலும் பெண்ணானாலும், ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவில் சேரலாம். இரண்டு வருஷப் படிப்பு. அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ். பிறகு 1961ஆம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டப்படி வேலை பழகலாம். அப்போது தரப்படும் உதவித்தொகை தர்மம் அல்ல, சட்டம் விதித்த கடமை.

சான்றிதழ் கைக்கு வந்தால் படிப்பு முடிந்ததா? இல்லை. சங்கிலி போய் தியோடலைட் வந்தது. பிறகு டோட்டல் ஸ்டேஷன் வந்தது. இப்போது செயற்கைக்கோளைக் கொண்டு இடம் குறிக்கிறார்கள். 2020ல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் அளக்கிறது. பழைய பாடத்தை வைத்துக்கொண்டு புதிய கருவியைத் தொட்டால் தவறு சிறிதாக வராது.

அமெரிக்காவில் பயிற்சி சர்வேயர் அடிப்படைத் தேர்வில் தேறி, லைசென்ஸ் பெற்ற ஒருவரின் கீழ் சில வருஷம் வேலை பழகி, அடுத்த தேர்விலும் தேறினால்தான் சொந்தக் கையெழுத்தில் வரைபடம் கொடுக்க முடியும். அதற்குப் பின்னும் பெரும்பாலான மாநிலங்களில், இத்தனை மணி நேரம் புதிதாகப் படித்தேன் என்று காட்டினால்தான் லைசென்ஸ் புதுப்பிக்கப்படும்.

இந்த ஏற்பாடு நியாயமானதே. ஆனால் படிக்கிற நேரத்துக்குச் சம்பளம் யார் தருவது? பரீட்சைக் கட்டணம் யார் கட்டுவது? மில்லில் புது இயந்திரம் இறக்கிவிட்டு, "ஓட்டத் தெரியாதவன் வீட்டுக்குப் போ" என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா? அதே நியாயம் இங்கும் பொருந்தும். கருவியை வாங்குகிறவரே கற்பிக்கிற செலவையும் ஏற்க வேண்டும். மறுபயிற்சி வேலை நேரத்தில், சம்பளத்தோடு நடக்க வேண்டும்.

இன்னொன்று, தோழர்களே! செயற்கைக்கோள் இடத்தைச் சொல்லும். அந்த இடம் யாருடையது என்று சொல்லாது. அதைச் சொல்வது புலப்படமும், எல்லைக் கல்லும், பக்கத்து நிலத்துக்காரரின் சாட்சியும்தான். ஆகவே படிப்பு சர்வேயருக்கு மட்டும் போதாது. புலப்படத்தில் நம் சர்வே எண்ணை, உட்பிரிவைக் கண்டுபிடிக்க நாமும் பழக வேண்டும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று எழுதியிருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அளவு நடக்கும்போது கூட நின்று பார்க்க வேண்டும். கருவியைச் சோதித்தீர்களா என்று மரியாதையாகக் கேட்க வேண்டும்.

பத்தாவது தேறிய பையனும் பெண்ணும் உங்கள் தெருவில் இருப்பார்கள். இந்தப் படிப்பு இருக்கிறது என்று இன்றைக்கே அவர்களிடம் சொல்லுங்கள். வரப்பில் உழைத்தவர் வீட்டுப் பிள்ளை அந்த வரப்பை அளக்கவும் வரட்டும்!