நம்பிக்கை ஊன்றாமல் மரம் ஊன்றலாகாது



காலநிலை மாறி வருவதைக் கள்ளக்குறிச்சி உழவனுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவனுடைய நெல்லுக்கும் கரும்புக்கும் கோமுகி ஆற்றுநீர் வேண்டும். அவ்வாறு பிறப்பது கல்வராயன் மலையில். மலையிற் காடு நின்றால்தான் ஆற்றில் நீர் நிற்கும். ஆகவே, அக்காட்டைக் காப்பது மலைமக்கள் கடமை மட்டுமன்று. கீழ்நாட்டார் வாழ்வும் அதில் அடங்கியுள்ளது.

தமிழ்நாட்டரசு 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் குறிக்கோள். நோக்கம் நல்லதே! ஆனால், ஆணை மரம் வளர்க்காது. மக்கள் வளர்க்க வேண்டும். ஆணையிடுவோரை நம்பினாலன்றோ அவர்கள் வளர்ப்பர்?

உலக நடப்பை நோக்குங்கள். சுவீடன் நாடு 1991-இல் கரிவளிக்கு வரி விதித்தது. அப்போதே வருமான வரியைக் குறைத்தது. அரசின்மேல் நம்பிக்கை மிக்க அந்நாட்டு மக்கள் அதனை ஏற்றனர். பிரெஞ்சு நாட்டிலோ, 2018-இல் எரிபொருள் வரியை மேலும் உயர்த்த முனைந்தபோது, மஞ்சள் மேலங்கி அணிந்து மக்கள் தெருவில் திரண்டனர். செல்வர்க்குச் சலுகை, எளியோர்க்குச் சுமையா என்பதே அவர்தம் கேள்வி. அரசு அவ்வுயர்வைக் கைவிட்டது. இவ்வேறுபாட்டின் பெருங்கரணியம் குமுகாய நம்பிக்கையே.

இனிக் கல்வராயன் மலைக்கு வருவோம். மலையை ஆள்வோர் எனும் பொருளில் மலையாளி என வழங்கும் அம்மக்கள், 1976 வரை சாகிர்தார்களின் கீழ்க் கூலியில்லா உழைப்புக்கு ஆட்பட்டிருந்தனர். சாகிர் ஒழிந்தது, நில உரிமைச் சிக்கல் ஒழியவில்லை. 2006-இல் காட்டுரிமைச் சட்டம் வந்தது. உழுதுவரும் நிலத்துக்கு உரிமையும், காட்டைக் காக்கும் பொறுப்பில் ஊர்மன்றத்துக்கு முதலிடமும் அது தந்தது. ஆயினும், 2008-இல் சென்னை உயர்முறைமன்றம் இட்ட இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் உரிமைச்சீட்டு வழங்கல் முடங்கிற்று. 2016-இல்தான் உச்சமுறைமன்றம் அத்தடையை நீக்கியது. எட்டாண்டு! நட்ட கன்று மரமாகி நிழல் தரும் காலம் அது.

2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. கொன்றது மெத்தனால் என்னும் தொழிற்கூட நஞ்சு. எனினும், மலைமக்கள் அனைவரையும் சாராயம் காய்ச்சுவோர் எனப் பழிப்போர் உளர். பழிக்கப்படுவோர் பழிப்போரின் திட்டத்துக்குத் தோள் கொடுப்பரோ?

“உரிமை தந்தால் காட்டை அழிப்பர்” என்பர் சிலர். நாளை இந்நிலம் தனதோ அன்றோ என அஞ்சுபவன் சாமையும் கேழ்வரகும் விதைப்பான், ஓராண்டில் அறுத்துக்கொள்வான். பல்லாண்டு காத்துப் பயன்கொள்ள வேண்டிய பலாவையும் புளியையும் கடுக்காயையும் எங்ஙனம் நடுவான்? மரம் நட்டால் நிலமே காட்டுத்துறைக்குப் போய்விடும் என்னும் அச்சம் இருக்குமட்டும் இலவயக் கன்றும் வேலியோரம் வாடும்.

நம்பிக்கைக்கு மொழியும் வேர். திட்டத்தை ஆங்கிலத்தில் தீட்டி, விளங்காத மொழிபெயர்ப்பாக்கிப் பலகையில் ஒட்டினால் எவர் உளங்கொள்வர்? ஊர்மன்றத்தில், அவர்தம் தாய்த்தமிழில், செலவுக் கணக்கோடு எடுத்துரைக்க வேண்டும்; அவர் மறுப்பையும் கேட்டுப் பதிய வேண்டும்.

எனவே, தமிழ்ப் பெருமக்களே! முதலில் நிலவுரிமை, அடுத்து ஊர்மன்றத்தின் ஒப்புதல், அதன்பின் மரக்கன்று. இவ்வரிசை மாறினால் கணக்கேட்டில் மட்டுமே காடு வளரும். இதனைக் கேட்கும் கடமை, அம்மலைநீரை உண்டு வாழும் கீழ்நாட்டார்க்கே முதலில் உண்டு.