பொதுத் தரம் யார் கையில்?

(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன், வீட்டில் தட்டச்சு செய்த காலாண்டுத் தேர்வு வினாத்தாளைப் பள்ளிக் கணினியில் திறந்தேன். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் தாறுமாறாக நின்றன. நான் பயன்படுத்திய எழுத்துரு அங்கே இல்லை. உங்களில் பலருக்கும் இது நேர்ந்திருக்கும். ஒருங்குறி பரவிய பிறகே அந்தத் தொல்லை குறைந்தது. பொதுத் தரம் இல்லையென்றால் உழைப்பு எப்படி வீணாகும் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டாம். இதே சிக்கல் வரைகலைச் சில்லுகளிலும் இருக்கிறது.

விடைத்தாள் திருத்தும் மையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணினியின் மையச் செயலகம் திறமையான ஓரிரு ஆசிரியர்களைப் போன்றது. எந்த வேலையும் செய்வார்கள், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. வரைகலைச் சில்லிலோ ஆயிரம் பேர் ஒரே விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் திருத்துகிறார்கள். ஒரு சாதாரணத் திரையில் இருபது லட்சம் புள்ளிகள் உண்டு. அத்தனைக்கும் நொடிக்குப் பலமுறை நிறம் கணக்கிட இந்த முறைதான் ஏற்றது.

அந்த ஆயிரம் பேருக்கும் எந்த மொழியில் கட்டளை இடுவது? போட்டி அங்கேதான் தொடங்கியது.

1992இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் ஓபன்ஜிஎல் என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. 1996இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்காக டைரக்ட்3டியை வெளியிட்டது. அதே காலத்தில் 3டிஎஃப்எக்ஸ் என்ற சில்லு நிறுவனம், தன் சில்லுக்கு மட்டுமேயான கிளைடு என்ற முறையை வைத்திருந்தது. 2000இல் அதன் சொத்துகளில் பெரும்பகுதியை என்விடியா வாங்கியது. கிளைடும் வழக்கொழிந்தது.

அடுத்த சுற்று படங்களைத் தாண்டியது. வரைகலைச் சில்லைப் பொதுவான கணக்கீட்டுக்கும் பயன்படுத்த, 2007இல் என்விடியா கூடா என்ற தளத்தை வெளியிட்டது. அது என்விடியா சில்லில் மட்டுமே ஓடும். கணினித் தயாரிப்பாளரான ஆப்பிளோ, எவருடைய சில்லிலும் ஓடும் ஒரு முறையை விரும்பியது. அதன் முன்மொழிவை ஏற்று, பல நிறுவனங்கள் சேர்ந்த க்ரோனோஸ் குழு 2008 இறுதியில் ஓபன்சிஎல் தரத்தை வெளியிட்டது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2014இல் ஆப்பிள் தனக்கென மெட்டல் என்ற முறையை அறிவித்தது. 2018இல் ஓபன்ஜிஎல்லையும், தானே முன்மொழிந்த ஓபன்சிஎல்லையும் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்தது. க்ரோனோஸ் குழு 2016இல் கொண்டுவந்த வல்கன் என்ற புதிய பொதுத் தரத்தையும் அது தன் கணினிகளில் நேரடியாக ஏற்கவில்லை.

இதில் ஒருவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பொதுத் தரம் என்றால் எல்லோரும் கூடிப் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். சொந்த முறை என்றால் சில்லின் புதுத் திறனை உடனே திறந்துவிடலாம். என்விடியா கூடாவுக்கு நல்ல நிரல் நூலகங்களையும் சேர்த்துத் தந்தது. 2012இல் படங்களை இனங்காணும் போட்டியில் வென்ற அலெக்ஸ்நெட் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி, இரண்டு என்விடியா சில்லுகளில்தான் பயிற்சி பெற்றது. ஆய்வாளர்கள் கூடாவின் பக்கம் சாய்ந்தார்கள். வசதியோடு பிணைப்பும் வந்தது. எழுதிய நிரலை வேறு சில்லுக்கு மாற்றுவது பெரும் உழைப்பாகிவிட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? ஒரு கருவியின் பொத்தான்களை மட்டும் மாணவருக்குக் கற்றுத் தந்தால், அந்தக் கருவி கைவிடப்படும் நாளில் அவர் கையும் வெறுமையாகும். ஆனால் மேலே சொன்ன முறைகள் அனைத்திலும், உருவத்தைச் சுழற்றவும் நகர்த்தவும் பயன்படுவது அணிப்பெருக்கல்தான். பத்தாம் வகுப்பில் நாம் கரும்பலகையில் நடத்தும் அதே பாடம். “இது எதற்கு சார்?” என்று கேட்கும் மாணவருக்கு இனி நம்மிடம் பதில் இருக்கிறது.

கருவியைக் காட்டுங்கள். அதன் அடியில் உள்ள கணக்கைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். எந்த நிறுவனமும் அதைத் திரும்பப் பெற முடியாது.