இளைஞரை நம்பிய ஆசான்

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு எளிய சொற்களே பல வேளைகளில் இடர் விளைக்கின்றன. 'மானேஜர்' என்பது அத்தகைய சொல். அலுவலகக் கோப்புகளில் அதனை 'நிர்வாகி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறோம். ஆயினும், இங்கிலாந்தின் கால்பந்தாட்டக் கழகங்களில் மானேஜர் எனப்படுபவரின் பணியை அச்சொல் முழுதும் உணர்த்துவதில்லை. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பவர் அவர், பழக்குபவர் அவர், தோல்விக்குப் பொறுப்பேற்பவரும் அவரே. அவருள் சிலர், வீட்டை விட்டு வந்த சிறுவர்களுக்குத் தந்தையின் நிலையிலும் நின்றிருக்கின்றனர். அத்தகைய ஒருவரான மாட் பஸ்பியைப் பற்றி நேயர்களுடன் இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

பஸ்பி 1909-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழும் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை முதல் உலகப் போருக்குப் பறிகொடுத்தார். 18-ஆம் வயதில் மான்செஸ்டர் சிட்டி கழகத்தில் ஆட்டக்காரராகச் சேர்ந்தார். அயலூர்த் தனிமையும், தம் திறமையிலேயே எழுந்த ஐயமும் அவரை வாட்டின. ஆட்டத்தைக் கைவிட்டு ஊர் திரும்பிவிடலாமா என்று அவர் எண்ணியதுண்டு. பிறந்த மண்ணை விட்டு வெகு தொலைவில் வாழும் நம்மனோர்க்கு அந்நிலையை விளக்க வேண்டுவதில்லை.

1945-இல் அவர் அதே நகரத்தின் மற்றொரு கழகமான மான்செஸ்டர் யுனைடெட்டின் மானேஜராகப் பொறுப்பேற்றார். கழகத்தின் ஆட்டக்களம் 1941-இல் விழுந்த ஜெர்மானியக் குண்டுகளால் சிதைந்து கிடந்தது. 1949 வரையில் அண்டைக் கழகத்தின் களத்திலேயே ஆட வேண்டியிருந்தது. அந்நிலையிலும் 1948-இல் இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பையையும், 1952-இல் லீக் பட்டத்தையும் அவருடைய அணி வென்றது.

பட்டம் வென்ற அணியில் பலர் முப்பது வயதைத் தாண்டியவர்கள். வேறு கழகங்களிலிருந்து புகழ்பெற்றவர்களை விலைக்கு வாங்குவதே அந்நாளைய வழக்கம். பஸ்பியும் இன்றியமையாத இடங்களுக்குச் சிலரை அவ்வாறு வாங்கினார். ஆயினும் அவர் பெரிதும் நம்பியது, தாமும் துணைவர் ஜிம்மி மர்ஃபியும் பொறுமையுடன் வளர்த்து வந்த இளையோர் அணியையே. இளையோர்க்கென ஏற்பட்ட நாடளாவிய கோப்பையை 1953 முதல் 1957 வரை ஐந்து ஆண்டுகளும் அவ்வணியே வென்றது.

பள்ளிச் சிறுவர்களின் ஆட்டங்களைக் காணக் கழகத்தின் ஆட்கள் ஊர் ஊராகச் சென்றனர். திறமையுள்ள சிறுவனைக் கண்டால் அவன் வீடு தேடிச் சென்று பெற்றோரிடம் பேசினர். வெளியூர்ச் சிறுவர்கள் தங்குவதற்குக் குடும்பப் பாங்கான விடுதிகளை அமர்த்தினர். சேரும் சிறுவர் அனைவரும் சிறந்த ஆட்டக்காரர் ஆகிவிடுவதில்லை அன்றோ? ஆகவே சிலர் கைத்தொழிலும் கற்றனர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாபி சார்ல்ட்டன், பதினைந்து வயதில் மான்செஸ்டருக்கு வந்தபோது பொறித்தொழிற் பட்டறை ஒன்றிலும் பயிற்சி பெற்றவரே. டங்கன் எட்வர்ட்ஸ் என்ற இளைஞர் 1953-இல் தம் முதல் லீக் ஆட்டத்தை ஆடியபோது அவருக்கு வயது 16.

1956-இல் அவ்வணி லீக் பட்டத்தை வென்றது. ஆட்டக்காரரின் சராசரி வயது ஏறத்தாழ 22. மறு ஆண்டும் பட்டம் அவர்களுக்கே கிட்டியது. மக்கள் அவர்களைப் 'பஸ்பியின் குழந்தைகள்' என்று செல்லமாக அழைத்தனர்.

"அனுபவம் வரட்டும், வாய்ப்புத் தருவோம்" என்று நாமெல்லாம் சொல்கிறோம். வாய்ப்பில்லாமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்பதை எண்ணுவதில்லை. நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் மொழிபெயர்ப்பைத் திருத்தித் தருவதைவிட நாமே எழுதிவிடுவது எளிது என்று கருதிப் பல மாதங்கள் அவ்வாறே செய்து வந்தோம். வேலை விரைவில் முடிந்தது உண்மையே. அவ்விளைஞர் கற்றுக்கொண்டது யாதொன்றுமில்லை என்பதும் உண்மையே.

இளைஞரை முன்னே நிறுத்துவோர் ஏற்க வேண்டிய சுமையும் ஒன்று உண்டு. ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் ஆங்கிலக் கழகங்கள் கலந்துகொள்வதை லீக் நிர்வாகம் விரும்பவில்லை. பஸ்பி அதனையும் மீறி 1956-இல் தம் அணியை அப்போட்டியில் சேர்த்தார். 1958 பிப்ரவரி 6-ஆம் நாள், பெல்கிரேடில் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில், அவர்கள் சென்ற விமானம் எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கியது. உருகிய பனி படிந்த ஓடுபாதையிலிருந்து எழும்ப இரு முறை முயன்று இயலாமல் மூன்றாம் முறை முயன்றபோது விபத்துக்குள்ளாயிற்று. மாண்டோர் 23 பேர். அவருள் எண்மர் ஆட்டக்காரர். 15 நாட்கள் மருத்துவமனையில் போராடி உயிர் நீத்த எட்வர்ட்ஸுக்கு வயது 21.

பஸ்பியும் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அயல்நாட்டுப் போட்டிக்கு அவ்விளைஞரை அழைத்துச் சென்றவர் தாமே என்ற எண்ணம் அவரை வருத்தியது. பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த பெற்றோரின் முகத்தில் எவ்வாறு விழிப்பது? இனி இப்பணியே வேண்டாம் என்று கருதினார். மாண்ட இளைஞர்கள் அவர் தொடர்வதையே விரும்புவர் என்று மனைவியார் எடுத்துரைக்கவே மனம் தேறினார். இதற்கிடையில், வேறு பணியின் பொருட்டு அப்பயணத்தில் செல்லாதிருந்த மர்ஃபி, உயிர் தப்பியோரையும் இளையோர் அணியினரையும் கொண்டு 13-ஆம் நாளே அணியைக் களத்தில் இறக்கினார். அன்றைய நிகழ்ச்சித்தாளில் ஆட்டக்காரர் பெயர்களுக்குரிய இடம் வெறுமையாகவே அச்சிடப்பட்டிருந்தது.

பஸ்பி மறுபடியும் சிறுவர்களிடமிருந்தே தொடங்கினார். பத்தாண்டுகள் சென்றன. 1968 மே 29-இல் லண்டன் வெம்பிளி ஆட்டக்களத்தில், போர்ச்சுகலின் பென்ஃபிகா கழகத்தை 4-1 என்ற கணக்கில் வென்று, ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றிய முதல் ஆங்கில அணியாக அவருடைய அணி விளங்கிற்று. நான்கு கோல்களையும் போட்டவர்கள் சார்ல்ட்டன், ஜார்ஜ் பெஸ்ட், பிரையன் கிட் ஆகிய மூவர். மூவரும் கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்தவர்களே. கிட்டுக்கு அன்றுதான் 19 வயது நிறைந்தது. சார்ல்ட்டனோ மியூனிக்கில் உயிர் தப்பியவர். பஸ்பி 1994-இல் மறைந்தார்.

வென்ற கோப்பைகளைக் காட்டிலும் அந்தப் பத்தாண்டுகளே நம் நினைவில் நிற்கின்றன. நம்பிக்கை பொய்த்த பின்னும் மீண்டும் நம்புவதற்கு உரம் வேண்டும். நாமும் நம் பிள்ளைகளைப் படிப்புக்கும் பணிக்குமாகத் தொலைதூர நகரங்களுக்கு அனுப்புகிறோம். அங்கே அவர்களை ஆதரிக்க ஒரு பெரியவர் இருக்கமாட்டாரா என்று ஏங்குகிறோம். அதே வேளையில், எவரோ பெற்ற பிள்ளை ஒருவர் நம் கண்காணிப்பில் பணியாற்றிக்கொண்டிருக்கக் கூடும். அவருக்கு அந்தப் பெரியவர் நாமே.

நம் பிரிவின் இளைஞருக்கு இப்பொழுது கோப்பை முழுமையாகவே கொடுத்துவிடுகிறோம். பிழைகள் வருகின்றன. அவற்றை அவர் அருகில் அமர்ந்து திருத்துகிறோம். பொழுது கூடுதலாகத்தான் ஆகிறது.