ஆறு யாருக்குச் சொந்தம்?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதை மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் இதற்காகப் போராடியவர்களை நாம் அறிந்திருக்கிறோமா?

பீகார் மாநிலம் பாகல்பூர் மாவட்டத்துக்குப் போவோம். சுல்தான்கஞ்சிலிருந்து பீர்பைந்தி வரை கங்கையில் சுமார் 80 கிலோ மீட்டர். அந்த நீருக்கு இரண்டு ஜமீன்தார்கள்! 1950இல் சட்டம் கொண்டுவந்து நிலத்து ஜமீனை ஒழித்தார்கள். ஆற்று ஜமீன் மட்டும் அப்படியே நின்றது. வலை வீச வேண்டுமா? வரி கட்டு. படகு இறக்க வேண்டுமா? ஆளிடம் அனுமதி வாங்கு. கட்டாதவனுக்கு அடி, உதை.

1982 பிப்ரவரி 22ஆம் நாள் கஹல்காவில் மீனவர்கள் கூடினார்கள். 'கங்கா முக்தி ஆந்தோலன்', அதாவது கங்கை விடுதலை இயக்கம் பிறந்தது. வரி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கை ஓங்கவில்லை, அடி வாங்கியும் நின்றார்கள். பெண்கள் முன்னே வந்தார்கள். சாராயத்தை ஊரைவிட்டு விரட்டினார்கள். 1987இல் குர்சேலாவிலிருந்து பாட்னா வரை படகுகளிலேயே ஊர்வலம் போனார்கள். கடைசியில் 1991இல், பாரம்பரிய மீனவர்கள் வரியின்றி மீன் பிடிக்கலாம் என்று பீகார் அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒன்பது ஆண்டுப் போராட்டம்!

இதில் நமக்கு ஒரு கசப்பான பாடம் உண்டு. அந்த இரு ஜமீன்தார்களில் ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். அநியாயத்துக்கு மதம் இல்லை. 'நம்ம ஆள்தானே' என்று மீனவர்கள் யாரையும் விட்டுவிடவில்லை. 1989 அக்டோபரில் கலவரத் தீ மூண்டு ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைப் பறித்தது இதே பாகல்பூரில்தான். மாண்டவர்களில் பெரும்பாலோர் நம் சகோதரர்கள். அந்த மண்ணில் இப்படி ஒரு போராட்டம் நடந்தது என்றால், அதைச் சிந்திக்க வேண்டாமா?

நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதியின் பக்கம் நிற்கும்படி திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. இந்தக் கட்டளை ஏலக் கடைக்கும் சேர்த்துத்தான், வணிகப் பெருமக்களே!

வரி ஒழிந்தது, மீன் திரும்பியதா? இல்லை. காரணம் பராக்கா அணை. கல்கத்தா துறைமுகத்தில் சேறு படியாமல் இருக்க, விநாடிக்கு 40,000 கன அடி நீரை ஹூக்ளிக்குத் திருப்ப 1975இல் இயக்கப்பட்டது. கடலிலிருந்து முட்டையிட மேலேறும் உல்லம் மீன் முன்பு அலகாபாத்துக்கும் அப்பால் வரும். அணை அதன் பாதையை அடைத்தது. மேலே பீகார் மீனவனின் வலை காலி. கீழே வங்கதேசத்தில் கோடைக்கால நீர் குறைந்தது. குல்னா பகுதியில் உப்பு ஏறியது. மால்டாவிலும் முர்ஷிதாபாத்திலும் கரை இடிந்து வீடு இழந்தவர்களில் நம்மவர் ஏராளம்.

1976 மே 16 அன்று மௌலானா பாஷானி ராஜ்ஷாஹியிலிருந்து கான்சாட் நோக்கி மக்கள் திரளோடு நடந்தார். வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது! அதே ஆண்டு நவம்பரில் மறைந்தார். 1996 டிசம்பர் 12 அன்று இரு நாடுகளும் 30 ஆண்டுக்கான ஒப்பந்தம் செய்தன. 2026 டிசம்பரோடு முடியும்படி எழுதப்பட்ட ஒப்பந்தம் அது. பராக்காவில் ஜனவரி முதல் மே வரை வரும் நீரை எப்படிப் பிரிப்பது என்று அதில் கணக்கு உண்டு. மீனுக்கு எவ்வளவு என்று கணக்கு இல்லை. ஏன்? மீனவன் அந்த மேசையில் இல்லை!

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1991க்குப் பிறகு ஜமீன்தார் போன இடத்தில் ரவுடிக் கும்பல்கள் வந்து மாமூல் கேட்டன. வெற்றி பெற்றதோடு கூட்டம் கலைந்தால் இதுதான் கதி.

இளைஞர்களே! உங்கள் ஊர் ஆற்றுக்கோ கண்மாய்க்கோ பிரச்சினை என்றால் ஜமாஅத்தோடு நின்றுவிடாதீர்கள். மீனவர், விவசாயி, படகுக்காரர், சலவைத் தொழிலாளி என்று அந்தத் தண்ணீரை நம்பிய அனைவரையும் ஒரே பாயில் உட்கார வையுங்கள். பெண்களைப் பின்னால் தள்ளாதீர்கள்.

வணிகர்களே! மதீனாவில் ரூமா கிணற்று நீர் விலைக்கு விற்கப்பட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் அதை வாங்கி எல்லோருக்கும் வக்ஃபு செய்தார்கள். அவர்களும் வணிகர்தான். மீன்பாசிக் குத்தகை எடுத்து ஏழையின் தூண்டிலைப் பறிக்கும் கூட்டத்தில் நம் பெயர் இருக்கலாமா? நாளை மறுமையில் இதற்கும் கேள்வி உண்டு.

இன்று வீட்டுக்குப் போகுமுன் ஒரே ஒரு நிய்யத் வையுங்கள்: நம் ஊர் நீர்நிலை யார் கையில் இருக்கிறது என்று விசாரிப்போம். மற்றவை அதிலிருந்து தொடங்கும், இன்ஷா அல்லாஹ்.